ஒரு பெயர், இரு நோய்

நாட்டு வழக்கிலே சலரோகம் என்றும் நூல் வழக்கிலே நீரிழிவு என்றும் கூறப்படும் நோய்க்குக் குருதியில் வெல்லம் மிகுதலே அடையாளமாகும். அடையாளம் ஒன்றாயிருப்பதனால் காரணமும் ஒன்றே எனக் கொள்ளலாமா? இவ்வினாவை ஆராய்ந்தவர் ஆங்கிலேய மருத்துவ அறிஞர் ஹரோல்ட் ஹிம்ஸ்வேர்த்.

சோறு, ரொட்டி முதலிய மாப்பொருள் உணவுகள் சமிபாடடைந்து, குளுக்கோசு என்னும் வெல்லமாகிக் குருதியிற் கலக்கின்றன. அவ்வெல்லத்தைத் தசைக் கலங்கள் ஏற்கவும் ஈரல் சேமிக்கவும் துணைபுரிவது சதையியிற் சுரக்கும் இன்சுலின். உடலினுள் இடையறாது நிகழும் இத்தகைய இரசாயன மாற்றங்களின் தொகுதியே அனுசேபம் எனப்படும்.

1921 இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் வெற்றி கண்டனர். அடுத்த ஆண்டு ஜனவரியில் அது 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஏற்றப்பட்டது. சாவின் வாயிலில் நின்றவன் மீண்டான். நீரிழிவு யாவும் இன்சுலின் குறைவினாலேயே உண்டாவதெனப் பலரும் எண்ணலாயினர். ஆயினும் சில நோயாளரில் இன்சுலின் விரைந்து பயனளிக்க, வேறு சிலரில் அதே அளவு சிறிதே பயன்தந்தது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையிற் பணியாற்றிய ஹிம்ஸ்வேர்த் எளிய சோதனையொன்றை வகுத்தார். உடற்பரப்பின் சதுர மீற்றர் ஒன்றுக்கு 30 கிராம் குளுக்கோசு வீதம் நோயாளிக்குப் பருகக் கொடுத்து, உடனே 5 அலகு வீதம் இன்சுலினை நாளத்தினுட் செலுத்தினார். பின் இடையிடையே குருதியைச் சோதித்தார். உடல் இன்சுலினுக்கு இணங்கினால், பருகிய வெல்லம் குருதியில் உயராது, இணங்காவிடின் உயரும்.

அவர் கண்ட முடிவு 1936 இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்தது. இன்சுலினுக்கு இணங்குவோர், இணங்காதோர் என நோயாளர் இருவகையினர். முன்னவர் பெரும்பாலும் இளையோர், மெலிந்தோர். நோய் சடுதியாகத் தோன்றும். பின்னவர் பெரும்பாலும் முதியோர், பருத்தோர். நோய் ஓசையின்றி வளரும்.

இன்சுலினைத் தொழிற்படச் செய்யும் ஏதோவொரு பொருள் உடலிற் குறைவதே இணங்காமைக்குக் காரணமென அவர் ஊகித்தார். அப்பொருள் பின்னர் எவராலும் காணப்படவில்லை. அவர் செய்த பாகுபாடோ நிலைத்தது. குருதியிலுள்ள இன்சுலினை நுட்பமாக அளக்கும் முறையை 1960 இல் அமெரிக்காவிலே ரோசலின் யலோ, சொலமன் பேர்சன் ஆகியோர் விரிவாக வெளியிட்டனர். முதிர்ந்த வயதில் நோயுற்றோர் பலரின் குருதியில் இன்சுலின் குறையாதிருந்ததோடு, மிகுந்தும் காணப்பட்டது.

இன்று இவை முதலாம் வகை, இரண்டாம் வகை எனப் பெயர்பெறும். முதலாம் வகையில், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகின்றது. இரண்டாம் வகையில், உடல் இன்சுலினுக்குச் செவ்வனே இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் தளர்கின்றது. ஆதலின் பின்னவருட் பலருக்கு உணவுக் கட்டுப்பாடும் உடலுழைப்பும் மாத்திரைகளும் உதவும்; சிலருக்குக் காலப்போக்கில் இன்சுலினும் வேண்டியதாகும். முன்னவருக்கோ இன்சுலினே உயிர். அயலவர் ஒருவர் ஊசியின்றி நலமாயிருப்பதைக் கண்டு, மருத்துவரைக் கேளாது தம் ஊசியை நிறுத்தும் முதலாம் வகை நோயாளி சில நாட்களிலேயே உயிராபத்துக்கு உள்ளாவார். அயலவரின் நோய்க்கும் அவர் நோய்க்கும் பெயர் ஒன்றே, மருந்து ஒன்றன்று.