உறங்கும் நாவை எழுப்பும் கருவி

நித்திரை இறைவன் மனிதனுக்கு அளித்த அருட்கொடைகளுள் ஒன்று. பகலெல்லாம் உழைத்துக் களைத்த உடல் இரவிலேதான் தன்னைச் சீர்செய்து கொள்கிறது. ஆயினும் எட்டு மணித்தியாலம் உறங்கி எழுந்த பின்னரும் களைப்போடு காணப்படுபவர்கள் நம்மிடையே உள்ளனர். பத்திரிகை வாசிக்கும்போதே கண்ணயர்ந்து விடுவார்கள். பஸ்ஸில் அமர்ந்ததும் தூங்கி விடுவார்கள். இவர்களுள் பலர் இரவில் பலமாகக் குறட்டை விடுபவர்கள். "வாப்பாவுக்கு நல்ல நித்திரை" என்று நாம் சிரித்துக்கொண்டு சொல்கிறோம். ஆனால் அந்தக் குறட்டை சில வேளைகளில் மூச்சுக்காக உடல் நடத்தும் போராட்டத்தின் ஓசையாகும்.

நாம் விழித்திருக்கும்போது நாக்கையும் தொண்டையையும் சூழ்ந்துள்ள தசைகள் இறுக்கமாக இருந்து, காற்று செல்லும் வழியைத் திறந்து வைக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. சிலரில் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையை அடைத்து விடுகிறது. மூச்சு 10 செக்கன் அல்லது அதற்கு மேலாக நின்று போகும். குருதியில் ஒட்சிசன் குறையும். உடனே மூளை திடுக்கிட்டு உடலை அரைகுறையாக எழுப்பும். மூச்சு திரும்பியதும் மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. இதனையே 'ஸ்லீப் அப்னியா', அதாவது நித்திரை மூச்சுத்தடை என்கின்றனர். மூச்சு நிற்பதோ பெரிதும் குறைவதோ மணித்தியாலத்துக்கு 30 தடவையோ அதற்கு மேலோ நிகழ்ந்தால் அது கடுமையான நிலையாகும். உயர் குருதியமுக்கத்துக்கும் பகல் நேரத் தூக்கத்தால் ஏற்படும் வாகன விபத்துகளுக்கும் இது ஒரு காரணம்.

1981ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் இதற்கு ஒரு வழி கண்டார். முகமூடி ஒன்றின் மூலம் காற்றை அமுக்கத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் 'சீபேப்' இயந்திரமே அது. இன்றும் முதன்மையான சிகிச்சை அதுவே. எனினும் ஒவ்வோர் இரவும் முகமூடி அணிந்து உறங்குவது பலருக்கு முடியாமற் போகிறது. அத்தகையோருக்காகவே நரம்பைத் தூண்டும் கருவி உருவாக்கப்பட்டது.

மூளையிலிருந்து புறப்படும் 12 சோடி நரம்புகளைப் பற்றி உயிரியலில் கற்கிறோம். அவற்றுள் பன்னிரண்டாவது நரம்பே நாக்கை அசைக்கிறது. 'இன்ஸ்பயர்' எனப்படும் கருவிக்கு 2014இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. அன்று அனுமதி பெற்ற வடிவம் மூன்று பாகங்களைக் கொண்டிருந்தது. மின்கலம் உள்ள சிறு பெட்டி மார்பின் மேற்பகுதியில் தோலின் கீழ் வைக்கப்படும். அவ்வடிவத்தில் விலா எலும்புகளுக்கிடையே பொருத்தப்பட்ட உணரி, நோயாளி மூச்சை உள்ளெடுப்பதை அறிந்தது. மூன்றாவதான மெல்லிய கம்பி நாக்கின் நரம்பைச் சென்றடையும். மூச்சு உள்ளெடுக்கப்படும் வேளையில் மென்மையான மின்துடிப்பு செல்ல, நாக்கு முன்னோக்கி நகர்ந்து வழி விடும். உறங்கச் செல்லுமுன் ரிமோட் மூலம் அதனை இயக்கிக் காலையில் நிறுத்தலாம்.

இதில் வியப்புக்குரிய நுட்பம் ஒன்றுண்டு. அதே நரம்பின் சில கிளைகள் நாக்கை முன்னே தள்ளுகின்றன. வேறு சில பின்னே இழுக்கின்றன. சத்திரசிகிச்சை நிபுணர் முன்னே தள்ளும் கிளைகளைப் பிரித்தறிந்து அவற்றிலேயே கம்பியைப் பொருத்த வேண்டும்.

126 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், 12 மாதங்களின் பின் மூச்சுத்தடையின் இடைநிலை அளவு மணித்தியாலத்துக்கு 29.3இலிருந்து 9.0 ஆகக் குறைந்தது. ஆனாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் எதிர்பார்த்த பயனை அடையவில்லை. தொண்டை முழு வட்டமாகச் சுருங்குபவர்களுக்கு இது பொருந்துவதில்லை. மூளையே மூச்சுக்கான கட்டளையை அனுப்பத் தவறும் வேறொரு வகை நோயும் உண்டு. அதற்காகப் பிரிமென்தகட்டின் நரம்பைத் தூண்டும் 'ரெமெடே' என்ற கருவி 2017இல் அனுமதி பெற்றது.

இக்கருவிகள் விலை உயர்ந்தவை, சத்திரசிகிச்சையும் தேவை. ஆகவே எல்லோருக்கும் இதுவே தீர்வு என்று கூற முடியாது. உடற்பருமனைக் குறைத்தல், பக்கவாட்டில் படுத்தல், சீபேப் என்பனவே பலருக்குப் போதுமானவை. ஆனால் எந்தச் சிகிச்சைக்கும் முன்னர் நோய் இருப்பது தெரிய வேண்டும். உறங்குபவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. அருகில் இருப்பவருக்கே அது கேட்கும்.

எனவே தோழிகளே, உங்கள் வாப்பாவோ, உம்மாவோ, வாப்பும்மாவோ உறங்கும்போது குறட்டை திடீரென நின்று, சற்று நேரத்தின் பின் மூச்சுத்திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். பகலில் அவர்கள் தூங்கி விழுந்தால் சோம்பல் என்று கேலி செய்யாதீர்கள். நீங்கள் கேட்டதை அவர்களிடம் சொல்லி, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்காக நாம் செய்யக்கூடிய பணிவிடைகளுள் இதுவும் ஒன்றாகும்.