பழைய கதவைத் தேய்க்கும் முன்

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை பக்கம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய தனி வீடுகள் பல இப்போது மராமத்துக்கு வந்துவிட்டன. அப்படி ஒரு வீட்டின் வாசற்கதவில் மேலே பழுப்பு, அதன் அடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள் என்று எனாமல் பூச்சு அடுக்கடுக்காக ஏறியிருக்கும். பெயிண்டர் உப்புத்தாளை மடித்துத் தேய்க்கத் தொடங்கியதும் மாவு போல் தூள் கிளம்பும். அந்தத் தூளில் காரீயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சுவரின் சுண்ணாம்பைவிட, கதவு, ஜன்னல், கிரில், இரும்பு கேட்டில் அடித்த எனாமல்தான் கவனிக்க வேண்டியது. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் காரீயக் குரோமேட்டால் வந்தன. அதோடு நீலம் கலந்து பச்சை செய்தார்கள். துரு ஏறாமல் இருக்க இரும்புக்குச் செங்காரீயம் பூசினார்கள். சீக்கிரம் உலரவும் காரீய உப்புகளைச் சேர்த்தார்கள். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையானது. அது கடையில் விற்கும் டப்பாவைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கு முன்பே கதவில் ஏறிவிட்ட பூச்சு அப்படியே இருக்கிறது.

உரியாமல் இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை, தூளாகும்போதுதான் ஆபத்து. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் காரீயம் இருந்தால் அதைக் காரீயப் பெயிண்ட் என்று அமெரிக்கச் சட்டம் கொள்கிறது. அப்படிப்பட்ட பூச்சில் ஒரே ஒரு சதுர அடியைத் தேய்த்தால் ஏறக்குறைய 929 மில்லிகிராம் காரீயம் தூசியாகும். தரைத் தூசிக்கு அந்நாடு 2001-இல் வைத்த வரம்பு சதுர அடிக்கு 40 மைக்ரோகிராம். அந்த ஒரு சதுர அடித் தூசி 23,000 சதுர அடித் தரையை வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். ஆயிரம் சதுர அடி வீடுகள் இருபத்துமூன்று! அந்த வரம்பும் பின்னர் இன்னும் கீழே இறக்கப்பட்டது.

உடம்புக்குள் போன காரீயம் கால்சியம்போல் வேடமிடுகிறது. கால்சியத்துக்குத் திறக்கும் வழியாகவே மூளைக்குள் நுழைகிறது. எலும்பில் தங்கிப் பல்லாண்டு கிடக்கிறது. பெரியவர்கள் விழுங்கியதில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தால், சின்னக் குழந்தைகளுக்கு அது பாதிவரை போகலாம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இன்னும் கூடும். சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுவரையான 756 குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. பெட்ரோல் புகை, தொழிற்சாலை, பெயிண்ட் எனப் பல வழிகளில் அது வந்திருக்கலாம். அளவு கூடிய குழந்தைகளிடம் கவனச் சிதறலும் கூடியிருந்தது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தத் தூசியை முதலில் அடையாளம் கண்டவர் ஒரு கண் மருத்துவர். நம்மூர் போலவே வெயில் கொளுத்தும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், வராந்தாக் கம்பிகளின் பெயிண்ட் வெயிலில் பொடியாகிக் குழந்தைகளின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்று லாக்ஹார்ட் கிப்சன் 1904-இல் எழுதினார். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலம் 1922-இல் அத்தகைய பெயிண்டைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் காரீயத்தை 1978-இல் தடுத்தது. ஆனால் அதற்கு முன் கட்டிய வீடுகளில் கூலிக்கு மராமத்து செய்யும் காண்ட்ராக்டர்கள் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி 2010-இல்தான் நடைமுறைக்கு வந்தது. டப்பாவைத் தடுத்தால் மட்டும் போதாது என்று புரிய முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அந்தப் பயிற்சி எட்டு மணி நேரம். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி ஆறடிக்குப் பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும். தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்ட வேண்டும். தீ காட்டிப் பெயிண்டை உரிக்கவே கூடாது; சூட்டில் காரீயம் புகையாகக் கிளம்பும். நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் மெஷினால் தேய்க்கவும் கூடாது. முடிந்ததும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கடைசியில் ஒரு சோதனை: ஈரமான வெள்ளைத் துணியால் தரையைத் துடைத்து, கையிலுள்ள மாதிரி அட்டையோடு ஒப்பிடுவார்கள். துணி அட்டையைவிட அழுக்காக இருந்தால் மறுபடியும் துடைக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை நம் மேஸ்திரிகளுக்கும் எட்டக்கூடியவையே. தண்ணீர் படாத உப்புத்தாளுக்குப் பதில் வாட்டர் பேப்பர், தூசிக்கு ஏற்ற முகக்கவசம், பிளாஸ்டிக் ஷீட், துணி. டீ குடிக்கும் முன் கை கழுவுவது, வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவைப்பது. வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்குள் வராமல் இருப்பது. விளக்குமாற்றால் பெருக்குவதையும் ஃபேன் போடுவதையும் தவிர்ப்பது.

வீட்டுக்காரர் அந்தத் தூசியில் சில நாள் இருப்பார். பெயிண்டரோ ஆண்டு முழுக்க அதையே சுவாசிக்கிறார். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயிண்டர்களும் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவோடு இப்படி ஒரு நாள் வகுப்பையும், அன்றைய கூலியையும் சேர்த்துக் கொடுக்கலாம். அதுவரை வீட்டுக்காரர்கள் கூலி பேசும்போதே ஷீட்டுக்கும் முகக்கவசத்துக்கும் ஈர வேலைக்கு ஆகும் கூடுதல் நேரத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அந்தச் செலவைப் பெயிண்டர் தலையில் கட்டுவது நியாயமில்லை.