ஃபுட்பால் டீமுக்கு எத்தனை சீட்? ஒரு சின்ன காலேஜின் பெரிய கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டது.)

அமெரிக்க காலேஜ் ஸ்போர்ட்ஸ்னு சொன்னதும் உங்க மனசுல வர்ற படம் என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு லட்சம் பேர் உட்கார்ந்திருக்கிற ஸ்டேடியம், டிவி கேமரா, சியர் லீடர்ஸ், கோடிக்கணக்குல சம்பளம் வாங்குற கோச். மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதிரி இடங்கள்ல அது நிஜம்தான். ஆனா இன்னிக்கு நாம பேசப்போறது அதைப் பற்றி இல்ல. மொத்தமே ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் பேர் படிக்கிற காலேஜ். மேட்ச் பார்க்க வர்றது அப்பா, அம்மா, ரூம்மேட், ஒரு நாய். அங்கே ஸ்போர்ட்ஸ் என்ன பண்ணுதுன்னு பார்க்கலாம். நம்பினா நம்புங்க, பெரிய பல்கலைக்கழகத்தை விட இந்தச் சின்ன இடத்துலதான் ஸ்போர்ட்ஸோட பிடி ரொம்ப இறுக்கம்.

முதல்ல, லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்னா என்ன? 'ஆர்ட்ஸ் காலேஜ்'னு நம்ம ஊர்ல சொல்றது இல்ல. இங்கே பிசிக்ஸும் படிக்கலாம், கூடவே தத்துவமும் இசையும் எடுக்கலாம். பெரும்பாலும் இளநிலைப் படிப்பு மட்டும்தான். வகுப்புக்குப் பதினைந்து, இருபது பேர். பேராசிரியருக்கு உங்க பேர் தெரியும். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர் எல்லாம் இந்த வகைதான். நம்ம வீடுகள்ல ஹார்வர்டு தெரிஞ்ச அளவுக்கு இந்தப் பேர்கள் தெரியாது. அங்கே இதுக்குள்ள நுழையுறதும் ஏறக்குறைய அதே அளவு கஷ்டம்.

இந்தக் காலேஜ்கள்ல பெரும்பாலானவை விளையாடுறது 'டிவிஷன் த்ரீ'ல. காலேஜ் விளையாட்டை நடத்துற என்சிஏஏ அமைப்பு 1973-ல் மூணு டிவிஷனாப் பிரிஞ்சது. மூணாவதுதான் எண்ணிக்கையில பெருசு, நானூறுக்கும் மேல காலேஜ்கள். அதோட முக்கியமான விதி ஒண்ணே ஒண்ணு: விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தரக்கூடாது. ஒரு டாலர் கூட. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தர்ற உதவி உண்டு, மார்க்குக்குத் தர்ற உதவி சில இடத்துல உண்டு. நீ நல்லா பந்து எறியுறேங்கிறதுக்காகக் காசு கிடையாது.

கேட்க ரொம்ப நல்லா இருக்கு இல்ல? படிப்புதான் முதல்ல, விளையாட்டு சும்மா ஆசைக்குன்னு. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். இங்கேதான் கணக்கு ஆரம்பிக்குது.

ஸ்வார்த்மோரை எடுத்துக்குவோம். ஃபிலடெல்ஃபியா பக்கத்துல குவேக்கர்கள் 1864-ல் தொடங்கின காலேஜ். 2000-ஆம் வருஷம் அங்கே மொத்தம் ஆயிரத்து நானூறு பேர் அளவுக்குப் படிச்சாங்க. ஒவ்வொரு வருஷமும் புதுசா சேர்றது சுமார் 375 பேர். அதுல பாதி ஆண்கள்னு வெச்சுக்கோங்க, 190 பேர் வரும்.

இப்போ அமெரிக்கன் ஃபுட்பால் டீம். களத்துல ஒரு நேரத்துக்குப் பதினொரு பேர்தான். ஆனா தாக்க ஒரு பதினொரு பேர், தடுக்க வேற பதினொரு பேர், உதைக்கத் தனி ஆள், அடிபட்டா மாற்று ஆள். ஒரு சுமாரான டீமுக்கே அறுபது பேராவது வேணும். நாலு வருஷப் படிப்பு, அப்போ வருஷத்துக்குப் பதினைஞ்சு பேர் சேர்த்தாப் போதும்னு தோணும். போதாது. ஏன்னா அந்த விதியை நினைச்சுப் பாருங்க: ஸ்காலர்ஷிப் கிடையாது. பெரிய பல்கலைக்கழகத்துல டீமை விட்டு விலகினா பணம் போயிடும். இங்கே ஒரு பையன் இரண்டாவது வருஷம் 'போதும் சார், நான் நாடகக் குழுவுல சேர்றேன்'னு போயிட்டா அவனுக்கு எந்த நஷ்டமும் இல்ல. வாங்குற நிதி உதவி அப்படியே தொடரும். கோச்சுக்குத்தான் ஆள் போச்சு. அதனால அவர் முதல்லயே கூடுதலா ஆள் கேட்பார். வருஷத்துக்கு இருபதுன்னு வைங்க, சேர்ற ஆண்கள்ல ஒம்பது, பத்து பேருக்கு ஒருத்தர் ஒரே ஒரு விளையாட்டுக்காக வர்றாங்க. இன்னும் இருபது டீம் வரிசையில நிக்குது.

மிச்சிகன்ல இந்தப் பிரச்சினையே வராது. முப்பதாயிரத்துக்கும் மேல இளநிலை மாணவர்கள். எல்லா டீமையும் கூட்டினாலும் விளையாட்டு வீரர்கள் ஆயிரம் பேர் வரமாட்டாங்க. கூட்டத்துல தெரியவே மாட்டாங்க. வில்லியம்ஸ் மாதிரி இடத்துல ஏறக்குறைய மூணு பேருக்கு ஒருத்தர் ஏதாவது ஒரு காலேஜ் டீம்ல இருக்கார். மெஸ்ஸுல உங்க எதிர்ல உட்கார்ந்து சாப்பிடுறவர், லேப் பார்ட்னர், எல்லாரும்.

வில்லியம் போவன்னு ஒருத்தர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர். அவரும் ஜேம்ஸ் ஷுல்மனும் சேர்ந்து 2001-ல் 'தி கேம் ஆஃப் லைஃப்'னு ஒரு புத்தகம் கொண்டுவந்தாங்க. பல காலேஜ்களோட மாணவர் தரவை வெச்சு எழுதினது. சின்ன காலேஜ்கள்ல கூட, கோச் பேர் கொடுத்த மாணவருக்கு அட்மிஷன்ல பெரிய முன்னுரிமை கிடைக்குது, உள்ளே வந்தப்புறம் அவங்க மார்க் எதிர்பார்த்ததை விடக் கீழே இருக்குன்னு அது சொன்னது. கோச்சுகளுக்கு அந்தப் புத்தகம் சுத்தமாப் பிடிக்கலைன்னு தனியா சொல்லணுமா?

அந்தப் புத்தகம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்வார்த்மோர் முடிவெடுத்துட்டாங்க. 2000 டிசம்பர்ல ஃபுட்பாலையும் மல்யுத்தத்தையும் நிறுத்தினாங்க. பேட்மின்டனை கிளப் அளவுக்கு இறக்கினாங்க. 1878-லிருந்து விளையாடின ஃபுட்பால். இதுல சோகம் என்னன்னா, தொடர்ந்து 28 ஆட்டம் தோத்த டீம் அது. அதுலேருந்து மீண்டு, அந்த 2000 சீசன்ல நாலு வெற்றி, அஞ்சு தோல்வின்னு தலை நிமிர்ந்திருந்தது. அப்போதான் மூடினாங்க. பசங்க அழுதாங்க, பழைய மாணவர்கள் கொதிச்சுப் போனாங்க. அவங்க கோபம் எனக்குப் புரியுது. தோத்துக்கிட்டிருந்தப்போ கூட நின்னவங்களை, ஜெயிக்க ஆரம்பிச்சப்போ வீட்டுக்குப் போகச் சொன்னா எப்படி இருக்கும்?

ஆனா காலேஜ் சொன்ன காரணம் தோல்வி இல்ல, பணமும் முதல் காரணம் இல்ல. சீட்டுதான். 375 பேர்ல ஒரு வயலின் வாசிக்கிறவர், ஒரு கணித மேதை, கிராமத்துல இருந்து குடும்பத்துல முதல் ஆளாப் படிக்க வர்றவர், எல்லாருக்கும் இடம் வேணும். ஒரு விளையாட்டே இவ்வளவு சீட்டை எடுத்தா மீதி டீமுக்கும் ஆள் பத்தாது. சில டீமை விட்டா மீதியை ஒழுங்கா நடத்தலாம்னு நினைச்சாங்க. 2019-ல் ஸ்வார்த்மோர் ஆண்கள் பாஸ்கெட்பால் டீம் டிவிஷன் த்ரீ தேசிய இறுதிப்போட்டி வரைக்கும் போச்சு. ஃபுட்பாலை விட்டதாலதான்னு நான் சொல்லமாட்டேன். போச்சுங்கிறது மட்டும் உண்மை.

இப்போ அப்படியே உல்ட்டா. மிச்சிகன் மாநிலத்துல ஏட்ரியன் காலேஜ். பேரு பெருசாத் தெரியாத, சேமிப்பு நிதி குறைவான, மாணவர் கட்டணத்தை நம்பியே ஓடுற காலேஜ். 2005-ல் ஜெஃப்ரி டாக்கிங் தலைவரா வந்தப்போ ஆயிரம் பேர் கூட இல்ல. கட்டடம் காலியாக் கிடந்தா காலேஜ் மூடவேண்டியதுதான். அவர் என்ன பண்ணினார்? ஸ்போர்ட்ஸைக் கூட்டினார். 2007-ல் ஐஸ் ஹாக்கி அரங்கம் கட்டினார். டீம் மேல டீம். மீன் பிடிக்கிறதுக்குக் கூட காலேஜ் டீம் உண்டு, விளையாட்டுக்குச் சொல்லலை. ஒவ்வொரு கோச்சுக்கும் இத்தனை பேரைச் சேர்க்கணும்னு இலக்கு. சேல்ஸ் வேலையேதான். சில வருஷத்துல மாணவர் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆச்சு. 2022-ல் ஆண்கள் ஹாக்கி டீம் தேசிய சாம்பியன்.

ஸ்காலர்ஷிப் இல்லைங்கிற அதே விதி இங்கே வரம் ஆயிடுது பாருங்க. ஒரு சும்மா கணக்கு: தள்ளுபடி எல்லாம் போக ஒரு மாணவர் வருஷம் பதினைந்தாயிரம் டாலர் கட்டுறார்னு வைங்க. அறுபது பேர்னா ஒம்பது லட்சம். கோச் சம்பளம், பஸ், ஹெல்மெட் எல்லாத்துக்கும் மூணு, நாலு லட்சம் போனாலும் மீதி லாபம். ஸ்வார்த்மோருக்கு அறுபது பேர் பாரம், ஏட்ரியனுக்கு அதே அறுபது பேர் மூச்சு. சீட்டுக்கு ஆள் மோதுதா, ஆளுக்கு சீட் காத்திருக்கா, வித்தியாசம் அவ்வளவுதான். அமெரிக்காவுல பல சின்ன காலேஜ்கள் புதுசா ஃபுட்பால் ஆரம்பிக்கிறதுக்கு இதுதான் காரணம். காலேஜ்ல பெண்கள் எண்ணிக்கை அதிகமாகிட்டே வருது, ஆண்களை இழுக்க ஃபுட்பால் ஒரு வழி. நூறு பேர் டீம்ல இருப்பாங்க, நாற்பது பேர் ஒரு மேட்ச் கூட ஆடாமலே சீசன் முடியும்.

இதுக்கு இன்னொரு விலையும் உண்டு. 2020-ல் அதே ஏட்ரியன் வரலாறு, தத்துவம், நாடகம் உள்ளிட்ட துறைகளை மூடப்போறதா அறிவிச்சது. எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே பின்வாங்கினாங்க. ஹாக்கி இருக்கு, வரலாறு இல்லைன்னா அது என்ன லிபரல் ஆர்ட்ஸ்னு பேராசிரியர்கள் கேட்டா, நான் அவங்க பக்கம்தான். ஹாக்கி கொண்டுவந்த கட்டணம் இல்லாம அந்தப் பேராசிரியர்களுக்குச் சம்பளம் எங்கேருந்து வந்திருக்கும்னு நீங்க கேட்டா, என்கிட்ட பதில் இல்ல.

சரி, நம்மகிட்ட வருவோம். இதைக் கேட்கிறதுல சிலர் அங்கே அப்ளை பண்ணப் போறீங்க, அதனால இது வெறும் பொது அறிவு இல்ல. ஆம்ஹர்ஸ்ட் 2017-ல் தானே ஒரு அறிக்கை வெளியிட்டது. விளையாட்டு முக்கியக் காரணமா இருந்து சேர்றவங்க வருஷத்துக்கு 67 பேர் வரைக்கும்னு அதுல வெளிப்படையாச் சொன்னாங்க. சேர்ற மொத்தம் 470 அளவுதான். ஏழு பேருக்கு ஒருத்தர். இதைத் தவிர, மார்க்கும் நல்லா இருந்து கோச்சும் பேர் சொல்ற இன்னொரு பட்டியல் தனி. விளையாட்டு வீரர்கள் மத்த மாணவர்களை விட வெள்ளையர்களாவும் வசதியானவங்களாவும் இருக்காங்கன்னும் அதே அறிக்கை ஒத்துக்குச்சு. லக்ராஸ், ரோயிங் எல்லாம் எந்த ஸ்கூல்ல இருக்கும்னு யோசிங்க. 2021-ல் பழைய மாணவர் பிள்ளைகளுக்கான சலுகையை ஆம்ஹர்ஸ்ட் எடுத்துட்டாங்க. விளையாட்டுச் சலுகை இருக்கு.

நம்ம ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா மாதிரி இல்ல இது. அங்கே இத்தனை சீட்னு அறிவிப்புல வரும். இங்கே கோச் கோடையிலேயே உங்க மார்க்கை அட்மிஷன் ஆபீஸுக்கு அனுப்பி, 'இவர் தேறுவாரா?'ன்னு முன்கூட்டியே பார்த்துடுவார். தேறுவார்னா, 'எர்லி டிசிஷன்'ல போடச் சொல்வார். அதனால எர்லில போட்டா நிறையப் பேருக்குக் கிடைக்குதுன்னு ஒரு சதவீதம் பார்த்தீங்கன்னா, அதுல கோச் பட்டியலும் கலந்திருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. உங்களுக்கான வாய்ப்பு அதை விடக் குறைவு.

விளையாடுறவங்களுக்கு இது கதவும் கூட. கனெக்டிகட்ல டிரினிட்டி காலேஜ் ஆண்கள் ஸ்குவாஷ் டீம் 1998-லிருந்து 252 ஆட்டம் தொடர்ந்து ஜெயிச்சது, 2012 ஜனவரியில யேல்கிட்ட தோற்கிற வரைக்கும். அந்த டீம்ல இந்தியா, பாகிஸ்தான், ஸ்வீடன்னு பல நாட்டுப் பசங்க. கோச்சுக்கு நீங்களே மெயில் எழுதலாம், தப்பே இல்ல. மார்க், மேட்ச் வீடியோ, ரேங்கிங், மூணும் போதும். வெளிநாட்டு மாணவருக்கு நிதி உதவி தர்றாங்களான்னு மட்டும் முதல் மெயில்லயே கேட்டுடுங்க. ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றேன்னு யாராவது ஏஜென்ட் டிவிஷன் த்ரீ காலேஜ் பேர் சொன்னா, ஃபோனை வெச்சுடுங்க.

கடைசியா ஒண்ணு, எனக்கே ரொம்பப் பிடிச்சது. ஸ்வார்த்மோருக்குப் பக்கத்துலயே ஹேவர்ஃபோர்டு காலேஜ், ரெண்டும் பழைய எதிரிகள். ஹேவர்ஃபோர்டு 1972-லேயே ஃபுட்பாலை விட்டாச்சு. ஆனா அங்கே கிரிக்கெட் டீம் இருக்கு, காலேஜோட அதிகாரபூர்வ டீம். அமெரிக்காவுல வேற எங்கேயும் இப்படி இல்லைன்னு சொல்லிக்கிறாங்க. 1864-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோட மேட்ச் ஆடியிருக்காங்க, உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டிருந்த வருஷம். டீம்ல சேர்றவங்கள்ல பலருக்கு முதல் நாள் பேட்டை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதாம். நம்ம தெருவுல பத்து வயசுப் பையன் போனாக்கூட கேப்டன் ஆயிடுவான்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.