தலைக்கணக்கில் தொடங்கும் உரிமை

பெரம்பலூர் அருகே உள்ள ரஞ்சன்குடிக் கோட்டையின் மதிலும் அகழியும் 1751-இல் போரைப் பார்த்தவை. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிப். மறுபக்கம் ஆங்கிலேயர் துணையோடு முகமது அலி. சண்டையில் சேராத குடிமக்களைக் காக்க, நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதுவும் அன்று கிடையாது. இன்று இருக்கிறது. 1949-இன் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும். சண்டையிடாதவரை மனிதத்தன்மையோடு நடத்தவும், காயம்பட்டவருக்குச் சிகிச்சை அளிக்கவும் அது இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற நடுநிலை அமைப்பு உதவ முன்வரலாம் என்றும் சொல்கிறது. இந்தியாவும் இலங்கையும் இவற்றை ஏற்ற நாடுகள். சட்டம் இருந்தும் மக்கள் பட்டினி கிடக்க நேர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத ஒன்று, மக்கள்தொகையைக் குறைத்துக் காட்டுவது.

இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போரின் இறுதியில் வன்னியில் நடந்ததைப் பாருங்கள். 2008 செப்டம்பரில் அரசின் உத்தரவை ஏற்று ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். நேரில் கண்டு கணக்குச் சொல்லக்கூடிய வெளியார் அநேகமாக இல்லாமல் போயினர். 2009 தொடக்கத்தில், உள்ளே இருப்பவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்றது அரசு, ஐ.நா.வோ 2,50,000 என மதிப்பிட்டிருந்தது. பிப்ரவரி இறுதியில் முல்லைத்தீவின் மேலதிக அரசாங்க அதிபர் 3,30,000 என்று எழுதினார். அது ஆதாரமற்றது, ஒழுங்கு நடவடிக்கை வரலாம் என்று கொழும்பிலிருந்து அவருக்குப் பதில் வந்ததை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்கிறது. போர் முடிந்தபோது முகாம்களில் ஏறத்தாழ 2,90,000 பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிப்ரவரிக்குப் பின் வெளியே வந்தவர்கள். அரிசியும் மயக்க மருந்தும் தலைக்கணக்கு பார்த்தே அனுப்பப்படுகின்றன. எண்ணைக் குறைத்தால் லாரியைத் தடுத்து நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. குறைத்த எண்ணைக் கொண்டே உணவும் மருந்தும் மட்டுப்படுத்தப்பட்டன என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்பதே அந்தக் குழுவின் முடிவு. இலங்கை அரசு அறிக்கையை ஏற்கவில்லை. ஆனால் முகாம்களில் நின்ற கூட்டத்தை மறுக்க வழியில்லை.

மக்களைப் புலிகள்தானே பிடித்து வைத்திருந்தார்கள், அனுப்பும் உணவு அவர்களுக்குத்தானே போயிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. புலிகள் மக்களை வெளியேறவிடவில்லை, தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள் என்று அதே அறிக்கையும் சொல்கிறது. இந்தக் குற்றத்தை மறைத்துவிட்டு மக்களின் உரிமையைப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் பிடித்து வைக்கப்பட்டவர் அதனாலேயே தம் உரிமையை இழப்பதில்லை. ஒரு தரப்பின் மீறல் மறுதரப்பை விடுவிப்பதும் இல்லை. பொருள்களைச் சோதிக்கவும், விநியோகத்தைக் கண்காணிக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. காரணமின்றி மறுக்கத்தான் இல்லை. பல்லில்லாத சட்டத்தால் என்ன பயன் என்ற கேள்விக்கும் வன்னியிலேயே ஓரளவு பதில் இருக்கிறது. 2009 பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் காயம்பட்டவர்களையும் உடன் வந்தவர்களையுமாகப் பல ஆயிரம் பேரைக் கடல்வழியே வெளியே கொண்டுவந்தது. அத்தனை பேரின் உயிர் அற்பமான பயன் அல்ல. குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்வதை 2018-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2417-ஆம் தீர்மானம் கண்டித்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, உள்நாட்டுப் போரிலும் அது குற்றமாகச் சேர்க்கப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் அந்த நீதிமன்றத்தில் இன்னும் சேரவில்லை என்பது பெருங்குறை.

பெரம்பலூர் துறைமங்கலம் உட்படத் தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் குடும்பங்களுக்கு இது பழங்கதை அல்ல. உறவினரைத் தொலைத்தவர்கள், தாம் வாழும் நாட்டின் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் தேடல் விண்ணப்பம் கொடுக்கலாம். இலங்கையில் 2016 சட்டப்படி அமைந்த காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் முறையிடலாம். இறப்புச் சான்றிதழ்தான் வாங்க வேண்டும் என்ற நெருக்கடியும் சட்டத்தில் இப்போது இல்லை. ஆள் காணவில்லை என்பதற்கான சான்றிதழை வைத்தே சொத்து, உதவித்தொகை போன்றவற்றைக் குடும்பம் கோரலாம். அந்த அலுவலகத்தின் மீது உறவினர் பலர் நம்பிக்கை இழந்திருப்பது நியாயமே. ஆயினும் பெயர், பிறந்த தேதி, கடைசியாகக் கண்ட இடம், நாள், உடனிருந்தோர் விவரம் ஆகியவற்றை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி, நகலோடு பத்திரப்படுத்துங்கள். ஒரு பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால், அப்படி ஒருவர் அங்கே இருக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.