மாணவர் மேடையில் ஆள்மாறாட்டம்

ஒரே பெயர் எழுதிய இரு மூட்டைகளை இடம் மாற்றி அனுப்பிவிட்டு, இரு வீட்டாரிடமும் வசை பெற்ற இரயில்வே குமாஸ்தா நாம். வேலை சென்னைப் பக்கம்; உற்றார் சிப்பிகாட்டில். ஆதலின் ஆள்மாறாட்ட நாடகங்களில் நமக்குத் தனிப் பற்று உண்டு. தீவிலுள்ள நம் பிள்ளைகள் மேடையேற ஏற்றது எது என்று கேட்பார்க்கு, ஷேக்ஸ்பியரின் 'காமெடி ஆப் எர்ரர்ஸ்' என்போம். அவர் நாடகங்களுள் அதுவே மிகச் சிறியது.

மாணவருக்கும் அதற்கும் உள்ள உறவு பழையது. 1594 டிசம்பர் 28 இரவு, லண்டனில் சட்டம் பயிலும் இளைஞர் கூடிய கிரேஸ் இன் மண்டபத்தில், தொழில்முறை நடிகர் அதனை நடித்தனர். கூட்டம் மேடைமீதே ஏறிற்று. அழைக்கப்பட்ட விருந்தினர் சினந்து வெளியேறினர். மாணவர் அவ்விரவுக்குப் 'பிழைகளின் இரவு' எனப் பெயரிட்டு, யாவும் ஒரு மந்திரவாதியின் சூது என்று விளையாட்டாக வழக்கும் நடத்தினர். நம் ஆண்டுவிழாக்களை எண்ணி நாம் நாணவேண்டியதில்லை!

1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது பதினெட்டே. அவருடைய 'சபாபதி'யில் எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். ஷேக்ஸ்பியரோ எசமானர் இருவர், வேலையாள் இருவர் என இரட்டைக்கு இரட்டை வைத்தார். அண்டைவீட்டு வங்காளியரைக் கேளுங்கள். வித்யாசாகர் 1869இல் எழுதிய 'பிராந்தி விலாஸ்' இக்கதையே.

முகம் ஒத்த பிள்ளைகளைத் தேடி அலையவேண்டா. ஒத்த உடை போதும். ஆனால் மயங்கவேண்டியவர் மேடையிலுள்ளாரேயன்றிக் காண்போர் அல்லர். இடைக்கச்சின் நிறம் ஒன்று மாறினால் சிறுகுழந்தையும் ஆளை அறிந்துகொள்ளும். இறுதிக் காட்சியில் நால்வரும் ஒருங்கே நிற்பதால், இருவரைக்கொண்டு ஒப்பேற்ற நினைப்பவர் அங்கே அகப்பட்டுக்கொள்வர்.

ஒரு வேண்டுகோள். முதற்காட்சியில் முதியவர் ஈஜியன், புயலில் கப்பல் பிளந்து மனைவியையும் ஒரு மகனையும் பிரிந்த கதையை நெடிது உரைப்பார். மாலைக்குள் தண்டம் செலுத்தாவிடில் அவருக்கு மரணம். சிரிப்பில்லை என்று இதனை வெட்டிவிடுவோர் உண்டு. வெட்டற்க. அந்த அச்சம் பின்னே நின்றால்தான் சிரிப்புக்கு வலுவுண்டு. மூன்று நாள் கப்பலில் வந்து குடியேறியவர்க்கும், 2004 டிசம்பர் 26க்குப் பின் நிலம் தாழ்ந்து, நெல் விளைந்த வயலில் உப்புநீர் தங்கக் கண்ட சிப்பிகாட்டார்க்கும், கடல் பிரித்த குடும்பத்தைப் பற்றி விளக்கவும் வேண்டுமோ? முதியவர் வேடத்தை, கூட்டத்திலேயே தெளிவாகத் தமிழ் பேசும் பையனுக்குக் கொடுங்கள்.