பெட்டியில் உறங்கும் கடிதங்கள்

டில்லியில் கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. 2024 நவம்பரில் இரயில் முன்பதிவுக் காலம் 120 நாளினின்று 60 நாளாகக் குறைக்கப்பட்ட பின்னரும், கோடையில் தமிழ்நாடு விரைவு வண்டியில் இடம் கிடைப்பது அரிதே. (இதற்காக உறவினர் நம்மிடம் கோபித்துக்கொள்வதும் உண்டு!) ஊருக்குச் செல்லாத சிறுவர்கள் என்ன செய்வது?

நம் பிள்ளைகள் தமிழ் பேசுவர், படிக்க அறியார். 247 எழுத்து என்றதும் மலைக்கின்றனர். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216-ம் உயிரும் மெய்யும் சேர்ந்தவையே என்று காட்டினால் அச்சம் தெளியும். சென்ற கோடையில் மாலைதோறும் சங்க அறையில் ஒரு மணி நேரம் கற்பித்தோம். சிறுமி ஒருத்தி, பார்வை மங்கிய தன் பாட்டிக்கு, தாத்தா 1968-இல் எழுதிய இன்லண்டுக் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். ழகரம் வரவில்லை, பாட்டி திருத்தினார். பாதியில், "போதும், நிறுத்தம்மா" என்றார். மறுநாள் தாமே தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

இவ்வாண்டு சிறுவர்கள் வீடுவீடாகச் சென்று, பெரியோர் இசைந்தால், இத்தகைய கடிதங்களைப் படித்துப் படியெடுக்க இருக்கின்றனர். சேர விரும்புவோர் வரும் ஞாயிறு மாலை சங்க அறைக்கு வருக. கோடிட்ட நோட்டும் பென்சிலும் போதும். பெட்டிச் சாவியை மட்டும் பெரியோரிடம் கேட்டே பெறுக.