முதலில் வெளுப்பது கடல்

பழைய ஈஸ்ட்மென் கலர் பிரிண்டில் முதலில் போவது நீலம். கடலும் கப்பலும் கத்திச் சண்டையுமாக எடுத்த படத்துக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கி 1965-இல் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்' அப்படிப்பட்ட படம். அடிமையாக விற்கப்படும் வைத்தியராக எம்.ஜி.ஆர்., கடற்கொள்ளையர் தலைவனாக நம்பியார், எம்.ஜி.ஆருக்கு ஜோடியாக முதன்முறை ஜெயலலிதா. 1935-இல் வந்த ஹாலிவுட் படம் 'கேப்டன் பிளட்'தான் கதைக்கு வேர். கார்வார் பக்கம் போய்ப் பிடித்துவந்த கடல் நீலத்தைப் பிரிண்டில் தாங்கி நிற்பது, தலைமுடியின் பருமன்கூட இல்லாத ஒரு சாயப் பூச்சு.

35 மி.மீ. படச்சுருள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் ஜெலட்டினில் மூன்று வண்ண அடுக்குகள். லேபில் கழுவும்போது, ஒளி பட்ட வெள்ளி உப்பைச் சுற்றி அடுக்குக்கு ஒரு சாயம் உருவாகும்: மஞ்சள், மெஜந்தா, சியான். பிறகு வெள்ளியைக் கரைத்து வெளியேற்றிவிடுவார்கள். மிஞ்சுவது சாயம் மட்டுமே. சியான் சிவப்பொளியைத் தடுக்கும், மெஜந்தா பச்சையை, மஞ்சள் நீலத்தை. திரையில் கடல் நீலமாகத் தெரியச் சியானும் மெஜந்தாவும் வேண்டும். கத்தியின் எஃகுச் சாம்பலுக்கு மூன்றும் அளவு பிசகாமல் வேண்டும்.

அந்தக் காலப் பிரிண்டுகளில் சியான்தான் நோஞ்சான். வெளிச்சமே படாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் வெப்பத்தில் அது சிதையும். சியான் போனால் மெஜந்தா ஓங்கிவிடும். கடல், வானம், கதாநாயகன் முகம், கத்தி எல்லாமே ரோஸ் நிறத்தில் தோய்ந்துவிடும்.

அடையாற்றங்கரைக் கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டுப் பரணில் படப்பெட்டி கிடப்பதாக வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் பரண் கொதிக்கும். ஐப்பசி மழையில் ஈரம் ஊறும். அசிட்டேட் நாடா ஈரத்தோடு வினைபுரிந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். மூடியைத் திறந்தால் வினிகர் நெடி. அந்த அமிலமே சிதைவை இன்னும் முடுக்கிவிடும். நாடா சுருங்கி நெளிந்து புரொஜக்டரின் பல்லில் ஏறாமல் போகும். பக்கத்துப் பெட்டிக்கும் தொற்றும். குளிரும் வறட்சியும்தான் இதற்கு மருந்து. தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் தொடங்கியது 1964-இல். இதே கோட்டூர்புரத்தில் 2010-இல் நூல்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்ததைப்போல, தமிழ்ப் படச்சுருள்களுக்கும் சென்னையிலேயே குளிரூட்டிய பெரிய கிடங்கு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

'ஆயிரத்தில் ஒருவன்' தப்பித்தது. டிஜிட்டலில் சீரமைத்து 2014 மார்ச்சில் மறுபடி வெளியிட்டார்கள். சென்னையில் வெள்ளிவிழா கண்டது. இத்தகைய வேலையில் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஸ்கேன் செய்ய வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000. சிவப்பொளியைச் செலுத்தி எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று அளந்தால், எஞ்சியிருக்கும் சியான் தெரிந்துவிடும். அதைக் கணினியில் உயர்த்துவார்கள். ஆனால் உயர்த்த உயர்த்தப் படத்தின் மணித்துகளும் சேர்ந்து பெருகும். அடியோடு அழிந்த இடத்தில் உயர்த்துவதற்கு ஒன்றும் இருக்காது.

தியேட்டரில் "மழை பெய்யுது" என்போமே, அந்தக் கோடுகளையும் தூசியையும் நீக்கும் மென்பொருள் முன்பின் ஃப்ரேம்களைப் பார்க்கிறது. ஒரு ஃப்ரேமில் மட்டும் தோன்றி, முன்னும் பின்னும் இல்லாத புள்ளி என்றால் தூசி என்று முடிவுகட்டி, பக்கத்து ஃப்ரேமிலிருந்து அந்த இடத்தை நிரப்பும். அமைதியான காட்சிகளில் இது அருமையாக வேலை செய்யும். கத்திச் சண்டையில்தான் ஆபத்து. வீசும் கத்தியின் நுனி ஒரு ஃப்ரேமில் ஓரிடத்தில் மின்னும். அடுத்ததில் எங்கோ போயிருக்கும். மென்பொருள் அந்த மின்னலையும் தூசியென்று துடைத்துவிடக் கூடும். அதனால் சண்டைக் காட்சிகளை மட்டும் ஒரு மனிதர் உட்கார்ந்து, ஃப்ரேம் ஃப்ரேமாக மூலத்தோடு ஒப்பிட்டு, அழிந்த நுனிகளைத் திரும்ப ஒட்ட வேண்டியிருக்கிறது.